செங்கல் சுவரில் சாயம் கொட்டிவிட்டதா? தேய்ப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் வீட்டுக்கு வீடு சாய டின் திறந்துவிடும். அடுத்த வாரமே எனக்கு போன் வரத் தொடங்கும். "அண்ணே, தூண்ல கொட்டிருச்சுண்ணே, என்ன ஊத்தலாம்?" என்ன ஊற்றுவது என்று கேட்கிறார்களே தவிர, என்ன கொட்டியது என்று ஒருவரும் சொல்வதில்லை. கோளாறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

நானும் மச்சானும் சாயம் அடிக்கிற வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறோம். தோட்டத்து லயத்தை விட்டு வீடமைப்புத் தாமானுக்கு வந்தவர்கள் முன்வாசல் தூணையும் வேலிச் சுவரையும் பூச்சு இல்லாத செங்கலில் கட்டிக்கொள்வது எங்கள் பக்கம் ஓர் ஆசை. பார்க்க அழகுதான். ஆனால் பூச்சுச் சுவரில் சாயம் சிந்தினால் மேலே இன்னொரு கை அடித்து மறைத்துவிடலாம், செங்கலில் அந்த வழி கிடையாது, அது குடித்துவிடும். நான் போய்ப் பார்க்கிற பல வீட்டில் சாயம் செய்த கேடு உள்ளங்கை அளவு இருக்கும், அதை எடுக்கப் போய்ச் செய்த கேடு கதவு அளவு இருக்கும். உங்கள் சுவரில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஆனால் முதல் பகுதியை மட்டும் தாண்டாதீர்கள். சாயம் இன்னும் ஈரமாக இருந்தால் மட்டும் தாண்டலாம், அப்போது இரண்டாவது பகுதிக்கு ஓடுங்கள்.

## முதலில் ஐந்து நிமிடம்: என்ன கொட்டியது, எதன் மேல் கொட்டியது

டின்னைத் தேடுங்கள். பிரஷைத் தண்ணீரில் கழுவச் சொல்லியிருந்தால் தண்ணீர்ச் சாயம், அதாவது எமல்ஷன். டர்பன்டைனிலோ தின்னரிலோ கழுவச் சொல்லியிருந்தால் எண்ணெய்ச் சாயம், கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடிக்கிற பளபளப்புச் சாயம்.

டின் குப்பை லாரியோடு போய்விட்டதா? பஞ்சில் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டை நனைத்து, கறையின் ஓரத்தில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஸ்பிரிட் இல்லையென்றால் கோவிட் காலத்தில் வாங்கி அலமாரியில் கிடக்கும் கை சானிடைசர் போதும், அதில் பெரும்பங்கு ஆல்கஹால்தான். கூழாக இருப்பதால் சுவரில் வழியாமல் நிற்கும் என்பது கூடுதல் வசதி. சாயம் பிசுபிசுத்துப் பஞ்சில் நிறம் ஏறினால் தண்ணீர்ச் சாயம். அசையவே இல்லையென்றால் எண்ணெய்ச் சாயம்.

கறை வெள்ளையாக, தொட்டால் மாவாக இருக்கிறதா? செங்கலின் நடுவில் இருக்கும் கறை மேல் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். சாந்தின் மேல் விடாதீர்கள், சாந்து எப்படியும் நுரைக்கும். கறை நுரைத்தால் அது சாயமே இல்லை, சுண்ணாம்பு அல்லது சிமெண்டு.

அடுத்தது கல். மறைவான மூலையில் 20 காசு நாணயத்தின் ஓரத்தால் கீறுங்கள். கோடு மட்டும் விழுந்தால் நன்றாக வெந்த கல். சிவப்பு மாவாகக் கொட்டினால் மென்மையான கல், கீழே நான் சொல்கிற எதையும் பாதிக் கையோடுதான் செய்ய வேண்டும். சாம்பல் நிறத்தில் இருந்தால் அது சுட்ட செங்கல் இல்லை, சிமெண்டு கல், அதன் அருகில் ஆசிட் பாட்டிலைக் கொண்டு போகவே கூடாது.

இன்னொன்று. எந்த மருந்தானாலும் முதலில் தூணின் பின்பக்கம் ஒரு கல்லில் வைத்துப் பார்த்து, மறுநாள் காய்ந்த பிறகுதான் முடிவு சொல்ல வேண்டும். ஈரத்தில் எல்லாச் செங்கலும் சுத்தமாகத்தான் தெரியும். சாயங்காலம் "போயிருச்சு" என்று சந்தோஷப்பட்டுக் காலையில் எழுந்து தலையில் கை வைத்தவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர். அதில் நானும் ஒருவன்.

## சாயம் இன்னும் ஈரமாக இருக்கிறது

துடைக்காதீர்கள். எல்லோருக்கும் கை தானாகத் துணிக்குத்தான் போகும். துணியால் இழுத்தால் சாயம் செங்கலின் துளைக்குள்ளும் சாந்துச் சந்துக்குள்ளும் நன்றாக ஏறிவிடும், அது நீங்களே அடித்த முதல் கை.

கெட்டியாக நிற்பதை ஒரு அட்டைத் துண்டாலோ பழைய ஏடிஎம் அட்டையாலோ கீழிருந்து மேலாக வழித்து எடுங்கள். மீதி ஈரத்தின் மேல் மணலையோ மரத்தூளையோ அப்பி, அது உறிஞ்சியதும் உதிர்த்துவிடுங்கள். காகிதத்தை வைத்து ஒற்றி எடுக்கலாம், தேய்க்கக் கூடாது.

தண்ணீர்ச் சாயமாக இருந்தால் கறைக்குக் கீழே இருக்கும் சுவரைத் தரை வரைக்கும் முதலில் நனையுங்கள். ஏற்கெனவே தண்ணீர் குடித்த கல் மேலிருந்து வழியும் சாயத் தண்ணீரைக் குடிக்காது. காய்ந்த கல் குடித்துவிடும், ஒரு கறைக்குப் பதிலாகத் தரை வரைக்கும் நீளமாக ஒரு கோடு கிடைக்கும். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பை வெந்நீரில் கலக்கி, நைலான் பிரஷால் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்து, ரப்பர் குழாயில் சாதாரண வேகத்தில் கழுவுங்கள். தண்ணீர் தெளிவாக வரும் வரைக்கும் விடாதீர்கள். அரை மணி நேரத்துக்குள் இதைச் செய்தால் பெரும்பாலும் இத்தோடு முடிந்துவிடும்.

எண்ணெய்ச் சாயமாக இருந்தால் தண்ணீர் எடுபடாது. கெட்டியை வழித்து, மணல் போட்டு உறிஞ்சிய பிறகு, துணியில் டர்பன்டைனை நனைத்து ஒற்றி ஒற்றி எடுங்கள், துணியின் புதுப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டே இருங்கள். டர்பன்டைனைச் சுவரில் ஊற்றாதீர்கள், ஊற்றினால் சாயம் நீர்த்துப்போய் இன்னும் ஆழமாக இறங்கும். ஹார்ட்வேர் கடையில் வெறுமனே "தின்னர்" என்று கேட்டால் கடைக்காரத் தவுக்கே பெரும்பாலும் மூக்கைத் துளைக்கிற அந்தக் கடுமையான தின்னரைத்தான் எடுத்து வைப்பார். வீட்டு எண்ணெய்ச் சாயத்துக்கு டர்பன்டைன் போதும், பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கடைசியில் சோப்புத் தண்ணீரில் ஒரு முறை கழுவி எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடுங்கள்.

## காய்ந்துவிட்டது, ஆனால் ஸ்பிரிட்டில் இளகுகிறது

இதுதான் அடிக்கடி வருவது. தண்ணீர்ச் சாயம் காய்ந்து ஒரு தோலாகப் படிந்திருக்கும்.

முதலில் செலவே இல்லாத வழி. சின்னச் சொட்டுகள் என்றால் அதே நிற உடைந்த செங்கல் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து, சொட்டின் மேல் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். கல்லும் கல்லும் உரசும்போது சொட்டு உதிரும், உதிரும் தூளும் அதே நிறம் என்பதால் தழும்பு தெரியாது. கொத்தனார்கள் சிமெண்டுச் சொட்டை எடுக்கச் செய்வது இதைத்தான். மென்மையான கல்லில் மட்டும் வேண்டாம், குழி விழும்.

அது போதவில்லையென்றால் நல்ல வெந்நீர். பழைய துண்டை வெந்நீரில் நனைத்துக் கறை மேல் பத்து நிமிடம் அழுத்தி வைத்தால் சாயத் தோல் இளகும், உடனே மரக்கரண்டியாலோ ஐஸ்கிரீம் குச்சியாலோ சுரண்டலாம். அதற்கும் அடுத்த படி ஸ்பிரிட். ஒரு சமயத்தில் ஒரு கல் மட்டும், தடவி இரண்டு நிமிடம் விட்டு நைலான் பிரஷ், பிறகு சோப்புத் தண்ணீர். வெயில் விழாத நேரத்தில் செய்யுங்கள். கொதிக்கிற சுவரில் ஸ்பிரிட் வேலை செய்வதற்கு முன்பே பறந்துவிடும். எங்கள் ஊரில் தீபாவளிச் சமயத்தில் சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் மழையை நம்ப முடியாது, அதனால் கிழக்குப் பார்த்த சுவரை மதியத்துக்கு மேல் உடனேயும், மேற்குப் பார்த்த சுவரைக் காலையிலும் வைத்துக்கொள்வேன்.

மூன்று தடவைக்குப் பிறகும் தோல் அப்படியே இருந்தால் சாயம் இரண்டு மூன்று கை ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அடுத்த தலைப்பில் வரும் ரிமூவருக்குப் போங்கள்.

## காய்ந்துவிட்டது, ஸ்பிரிட்டுக்கு மசியவில்லை

எண்ணெய்ச் சாயம். மச்சான் இந்த இடத்தில் எப்போதும் சொல்வது: "மாமா, கம்பி பிரஷ் போட்டா ரெண்டு நிமிஷம்." ரெண்டு நிமிஷம்தான், உண்மை. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தேன். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் மதிலில், கீழ்ப்பக்கம் பூசாத செங்கல், மேலே காவியும் வெள்ளையும் பட்டை பட்டையாக அடித்த இடம். பட்டைச் சாயம் வழிந்து செங்கலில் இறங்கியிருந்தது, நான் இரும்புக் கம்பி பிரஷை எடுத்து வறட்டு வறட்டு என்று தேய்த்தேன். சாயம் போனது. மழை இரண்டு தடவை பெய்தது. தேய்த்த இடம் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய கோடுகள். பிரஷிலிருந்து உதிர்ந்த இரும்புத் துகள் துளைக்குள் தங்கித் துருப்பிடித்துவிட்டது. அது மட்டும் இல்லை, சூளையில் வெந்த மேல்தோலும் கிழிந்துபோய் அந்த இடம் இப்போது மற்ற இடத்தை விட வேகமாகத் தண்ணீர் குடிக்கிறது, பாசியும் அங்கேதான் முதலில் பிடிக்கிறது. ஆடித் திருவிழாவுக்குப் போகும்போதெல்லாம் நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. கிரைண்டர் தட்டு, மணல் வீச்சு, உப்புத்தாள் எல்லாமே இதே வகைக் கேடுதான்.

சரி, என்ன செய்வது? குறைந்த செலவிலிருந்து போவோம்.

டர்பன்டைனில் நனைத்த துணியைக் கறை மேல் வைத்து, மேலே பிளாஸ்டிக் ஒட்டி, அரை மணி நேரம் விடுங்கள். புதிதாகக் காய்ந்ததென்றால், அதாவது ஓரிரு நாள் ஆனதென்றால், இளகும். பழசென்றால் இளகாது.

இளகவில்லையென்றால் பெயிண்ட் ரிமூவர். தண்ணீர் மாதிரி இருப்பதை வாங்காதீர்கள், சுவரில் நிற்காது. கூழ் அல்லது பசை மாதிரி இருப்பதை வாங்குங்கள். இங்கே முன்பு சொன்னதற்கு ஒரு மாற்றம் உண்டு: ரிமூவர் வைக்கும்போது கறை காய்ந்திருக்க வேண்டும், கறைக்குக் கீழே உள்ள சுவர் மட்டும் நனைந்திருக்க வேண்டும். தடிமனாக ஒரே பக்கமாக இழுத்து வையுங்கள், முன்னும் பின்னும் தேய்க்காதீர்கள். டின்னில் எழுதிய நேரம் வரைக்கும் பிளாஸ்டிக்கால் மூடிவிட்டுக் காத்திருங்கள். அவசரப்பட்டு முன்பே சுரண்டினால் பாதிதான் வரும். சாயம் சுருங்கித் தோலாகக் கிளம்பியதும் மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ வழித்து எடுத்து, சந்துகளில் பழைய பல் பிரஷ் போட்டு, கடைசியில் நிறையத் தண்ணீர்.

வாங்கும்போது டின்னின் பின்பக்கத்தைப் படியுங்கள். டைகுளோரோமீத்தேன் அல்லது மெத்திலீன் குளோரைடு என்று இருந்தால் நான் வாங்க மாட்டேன். வேகமாக வேலை செய்யும், ஆனால் மூடிய இடத்தில் அதன் ஆவி ஆளையே கொன்றிருக்கிறது. அமெரிக்காவில் 2019இல் சாயம் எடுக்க அதை வீட்டுக்காரர்களுக்கு விற்பதையே தடை செய்தார்கள். பென்சைல் ஆல்கஹால் வகை மெதுவாகத்தான் வேலை செய்யும், ஒரு ராத்திரி கூட ஆகும், ஆகட்டும். காஸ்டிக் சோடா கலந்த ரிமூவரும் செங்கலுக்கு வேண்டாம், அதன் உப்பு கல்லுக்குள் தங்கிவிடும், பிறகு வெள்ளை பூக்கும்.

கையுறை, கண்ணாடி கட்டாயம். சிகரெட்டும் கொசுவர்த்தியும் பக்கத்தில் வேண்டாம். சாயம் ரொம்பப் பழையது, அடுக்கடுக்காக இருக்கிறது என்றால் உலர்ந்த நிலையில் சுரண்டித் தூசி கிளப்பாதீர்கள், பழைய எண்ணெய்ச் சாயங்களில் ஈயம் இருக்கலாம். பிள்ளைகள் விளையாடுகிற முன்வாசல் என்றால் இந்த இடத்திலேயே ஆளைக் கூப்பிடுங்கள்.

## ஸ்ப்ரே சாயம், அல்லது யாரோ வீசிவிட்டுப் போன சிவப்புச் சாயம்

இந்தத் தலைப்பு தேவைப்படாத ஊரில் நாம் இல்லை. எங்கள் தெரு அக்கா ஒருவர் வாடகைக்குக் குடி வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. முன்பு குடியிருந்தவன் ஆ லோங் என்கிற கள்ள வட்டிக்காரனிடம் வாங்கிய கடனுக்கு இவர் வீட்டுக் கேட்டிலும் தூணிலும் பிளாஸ்டிக் பையில் கட்டிய சிவப்புச் சாயத்தை வீசிவிட்டுப் போனார்கள். விடிகாலையில் எனக்கு போன். "தம்பி, பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போறதுக்குள்ள எடுத்துரணும்பா." நான் சொன்னது: "எடுத்துரலாம்க்கா, ஆனா முதல்ல போட்டோ, அப்புறம் போலீஸ் ரிப்போர்ட், அப்புறம்தான் தண்ணி." கழுவிவிட்டுப் போய்ச் சொன்னால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

அக்கா வீட்டில் வீசியது எண்ணெய்ச் சாயம், தின்னர் ஊற்றித் தண்ணியாக்கியிருந்தார்கள். தண்ணியாக இருந்ததால் டின்னிலிருந்து சிந்தியதை விட ஆழமாக இறங்கியிருந்தது. ஈரம் இருந்தவரைக்கும் மணல், பிறகு டர்பன்டைன் ஒற்றல். காய்ந்த பாகத்துக்குக் கூழ் ரிமூவர் இரண்டு தடவை வைத்தேன். கேட் அரை நாளில் முடிந்தது, தூணுக்கு நான்கு நாள். கடைசியில் லேசான ரோஜா நிறம் தங்கிவிட்டது, அதற்குக் கீழே சொல்லும் களிம்பு.

ஸ்ப்ரே டின் எழுத்து என்றால் தோல் மெல்லியது, அதனால் கொஞ்சம் சுலபம். முதலில் ஸ்பிரிட், பிறகு அசிட்டோன், அதற்குப் பிறகுதான் கடுமையான தின்னர், எல்லாமே பஞ்சில் நனைத்து ஒற்றுவதுதான். எழுத்தின் ஓரத்திலிருந்து உள்பக்கமாக வாருங்கள். உள்ளிருந்து வெளியே இழுத்தால் எழுத்து பெரிதாகும். கதவளவுக்கு மேல் எழுதியிருந்தால் நீங்களே செய்யாதீர்கள், நடுவில் கை ஓய்ந்துவிடும், பாதி எடுத்த எழுத்து முழு எழுத்தை விட அசிங்கம்.

## மேல்தோல் போய்விட்டது, நிழல் மட்டும் நிற்கிறது

துளைக்குள் தங்கிய நிறம் இது. தேய்த்து எடுக்க முடியாது, தேய்க்கத் தேய்க்கக் கல்தான் தேயும். உள்ளே போனதை வெளியே உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். அதற்குத்தான் களிம்பு.

வெள்ளைக் களிமண் தூள், அதாவது கயோலின், கிடைத்தால் நல்லது. தாப்பா, பீடோர் பக்கம் நம் பேராக்கிலேயே வெட்டி எடுக்கிற அதே மண்தான். கிடைக்காவிட்டால் வாசனை குறைந்த டால்கம் பவுடர். முன்பு எந்த மருந்தில் சாயம் இளகியதோ அதிலேயே குழைக்க வேண்டும்: தண்ணீர்ச் சாயத்துக்கு ஸ்பிரிட், எண்ணெய்ச் சாயத்துக்கு டர்பன்டைன் அல்லது ரிமூவர். பதம்தான் முக்கியம். தோசை மாவு பதத்தில் குழைத்தால் வழிந்துவிடும். வடை மாவு பதம் வேண்டும், உருட்டிச் சுவரில் அறைந்தால் விழாமல் நிற்க வேண்டும். கறையை விட இரண்டு விரல் அகலமாக, அரை சென்டிமீட்டருக்குக் குறையாத கனத்தில் அப்பி, பிளாஸ்டிக்கால் மூடி ஓரங்களை டேப் போட்டு ஒட்டுங்கள். ஒரு நாள் அப்படியே. மறுநாள் பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டுக் காய விடுங்கள். பலர் மூடியபடியே பிய்த்துவிடுகிறார்கள், அது வீண். மூடியிருக்கும்போது மருந்து உள்ளே போய்ச் சாயத்தைக் கரைக்கிறது. காயும்போதுதான் கரைந்த சாயம் களிம்புக்குள் ஏறுகிறது. நன்றாகக் காய்ந்து வெடித்ததும் மரத்துண்டால் தட்டி எடுத்துக் கழுவுங்கள். மழைச்சாரல் படாமல் ஒரு தகரத்தையாவது சாய்த்து வையுங்கள்.

களிம்பின் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நிறம் ஏறியிருந்தால் இன்னொரு தடவை வைக்கலாம். ஏறவே இல்லையென்றால் மருந்து தப்பு, சாயத்தின் வகையை மறுபடி சோதியுங்கள். அக்கா வீட்டுத் தூணுக்கு இரண்டு களிம்பு, இரண்டாவது தடவை உள்பக்கம் வெளுத்துத்தான் வந்தது, அங்கே நிறுத்திவிட்டேன். மூன்றடி தள்ளி நின்று பார்த்தால் தெரியாது. அவர் குனிந்து பார்த்து, "இன்னும் தெரியுதுப்பா" என்றார். குனிந்தால் தெரியும்தான்.

ஒன்றிரண்டு கல்லில் மட்டும் நிழல் நிற்கிறதென்றால், கொத்தனார் சாந்தை வெட்டி அந்தக் கல்லை உருவி, பின்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி வைத்துவிடுவார். ரிமூவர் மேல் ரிமூவர் வாங்குவதை விட இது மலிவாகக் கூட முடியும்.

## சுத்தம் செய்து ஒரு வாரத்தில் வெள்ளையாகப் பூக்கிறது

சாயம் திரும்பி வந்துவிட்டது என்று பயந்து மறுபடி மருந்து வாங்குகிறார்கள். விரலால் தடவுங்கள். உப்புத்தூள் மாதிரி கையில் ஒட்டுகிறதா, தண்ணீர் தெளித்தால் மறைந்து காய்ந்ததும் திரும்ப வருகிறதா? அது கல்லின் உப்பு. நாம் ஊற்றிய தண்ணீரில் கரைந்து மேலே வந்து காய்ந்திருக்கிறது.

தண்ணீர் ஊற்றாதீர்கள், கரைந்து திரும்ப உள்ளே போகும். வெயில் நாளில் காய்ந்த பிரஷால் தட்டி உதிர்த்துப் பெருக்கி அள்ளிவிடுங்கள். நான்கைந்து தடவை செய்தால் குறைந்துவிடும். மாதக்கணக்கில் நிற்காமல் பூத்துக்கொண்டே இருந்தால் காரணம் சாயமில்லை, சுவருக்குள் எங்கிருந்தோ தண்ணீர் வருகிறது. கூரைத் தண்ணீர்க் குழாய் உடைந்திருக்கிறதா, பூச்சட்டி சுவரை ஒட்டி இருக்கிறதா, பின்பக்கம் மண் அணைத்திருக்கிறதா பாருங்கள். ஒன்றும் தெரியவில்லையென்றால் பிளம்பரைக் கூப்பிடுங்கள், சாயக்காரனை அல்ல.

## சுத்தம் செய்த இடம் மட்டும் மஞ்சளாக, பழுப்பாக, அல்லது பளிச்சென்று வேறாகத் தெரிகிறது

பளிச்சென்று இருந்தால் கேடு இல்லை, மற்ற இடத்தில் அழுக்கு. முழுத் தூணையும் சோப்புத் தண்ணீரில் கழுவினால் சரியாகிவிடும்.

மஞ்சளோ பழுப்போ என்றால், ஆசிட் ஊற்றினீர்களா? டைல்ஸ் கழுவுகிற ஆசிட், கழிவறை கழுவுகிற ஆசிட், இரண்டும் அநேகமாக ஹைட்ரோகுளோரிக்தான். அது எமல்ஷனையும் எடுக்காது, எண்ணெய்ச் சாயத்தையும் எடுக்காது. சாந்தைத் தின்னும், செங்கலில் இருக்கும் இரும்பைக் கரைத்து மஞ்சள் கறையாக மேலே கொண்டு வரும், அவ்வளவுதான் அதன் வேலை. இன்னும் ஆசிட் ஊற்றினால் இன்னும் மஞ்சள். நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி நிறுத்துங்கள், அதற்கு மேல் ஆள் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆசிட் ஊற்றிய இடத்தில் குளோராக்ஸ் பிளீச்சையும் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சு முட்டும். இரண்டையும் ஒரே நாளில் கையில் எடுக்காதீர்கள்.

## வினிகரில் நுரைத்தது

சுண்ணாம்பு. பழைய லயத்துச் சுவரிலும் கோயில் மதிலிலும் அடித்தது வழிந்திருக்கும். காய்ந்த நைலான் பிரஷில் முடிந்ததை எடுத்த பிறகு, சுவரை நன்றாக நனைத்துவிட்டு, மிச்சத்துக்கு வினிகரைப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து தடவி உடனே கழுவுங்கள். சிமெண்டுச் சொட்டு என்றால் செங்கல் துண்டு உரசல், அல்லது மர உளியால் பக்கவாட்டில் ஒரு தட்டு.

## கறுப்பு, பச்சை: இது சாயமா?

பெரும்பாலும் இல்லை. நம் ஊர் ஈரத்துக்கு வெயில் படாத சுவரெல்லாம் பச்சை பிடிக்கும். நீர்த்த குளோராக்ஸை ஒரு சொட்டு விட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். வெளுத்தால் பாசி அல்லது பூஞ்சை. வெளுக்காவிட்டால் மேலே முதல் பகுதிக்குத் திரும்புங்கள்.

## எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

ஏணி மேல் நின்று செய்ய வேண்டிய உயரம் என்றால். மின் மீட்டரைச் சுற்றிக் கொட்டியிருந்தால். நாணயத்தில் கீறும்போது கல் மாவாக உதிர்ந்தால். இரண்டு களிம்புக்குப் பிறகும் நிழல் அப்படியே இருந்தால். பழைய கட்டடம் என்றால் கட்டாயம். பத்து காஜா பக்கம் கெல்லி கோட்டைக்குப் போனவர்கள் பூச்சு உதிர்ந்த அந்தச் செங்கல் சுவர்களைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள், 1915 வாக்கில் தொடங்கி, 1926இல் அதைக் கட்டிய கெல்லி ஸ்மித் இறந்ததும் பாதியில் நின்ற கட்டடம். அந்த வயதுச் செங்கலும் சாந்தும் இன்றைய மருந்துக்கும் தண்ணீர் வேகத்துக்கும் தாங்காது. உங்கள் ஊர் பழைய தோட்ட ஆபீஸ், பழைய பள்ளிக்கூடச் சுவர் எல்லாம் இதே கணக்குதான்.

வருகிற ஆளிடம் மூன்று விஷயம் கேளுங்கள். "ஒரு கல்லுல செஞ்சு காட்டுறீங்களா, நாளைக்குப் பார்த்துட்டு மீதிய சொல்றேன்" என்று சொல்லிப் பாருங்கள், மறுத்தால் அனுப்பிவிடுங்கள். என்ன மருந்து என்று டின்னைக் காட்டச் சொல்லுங்கள். தண்ணீர் மெஷின் கொண்டு வந்தால் அகலமாக விசிறுகிற முனை இருக்கிறதா பாருங்கள், ஊசி மாதிரி ஒரே கோட்டில் பாய்கிற முனை செங்கலின் தோலையும் சாந்தையும் சேர்த்துக் கிளப்பிவிடும். மணல் வீசி எடுக்கிறேன் என்றால் தேத்தாரிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மிச்சமான டர்பன்டைனையும் ரிமூவர் கழிவையும் லோங்காங்கில், அதாவது சாக்கடையில், ஊற்றாதீர்கள், எங்கள் தெரு லோங்காங் நேராக ஆற்றுக்குத்தான் போகிறது. பழைய டின்னில் மணலைப் போட்டு அதில் ஊற்றி, திறந்த வெளியில் காய விட்டுப் பிறகு மூடி எறியுங்கள். நனைந்த துணிகளைச் சுருட்டிக் குப்பைப் பையில் திணிக்க வேண்டாம், எண்ணெய்ச் சாயம் ஊறிய துணி சுருட்டிக் கிடந்தால் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். வேலி மேல் ஒவ்வொன்றாக விரித்துப் போட்டு, மொடமொடவென்று காய்ந்த பிறகு எடுங்கள்.